தங்குகிற மாதிரி வந்த குன்று

மலைகள் இடம்விட்டு இடம் பெயர்வதில்லை என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒரே குரலில் நம்பிவருகிறார்கள். இது பெரும் பிழை. இத்தனை நூற்றாண்டுகளாக ஒருவரும் இதைத் திருத்தாமல் விட்டது வருத்தத்துக்குரியது. மலைகளால் நகர முடியும். அவற்றை முறையாக யாரும் அழைத்ததில்லை, அவ்வளவுதான். அவற்றின் மேல் ஏறியிருக்கிறோம், அவற்றைச் சுற்றி வந்திருக்கிறோம், குடைந்திருக்கிறோம், உச்சியில் கொடி நட்டிருக்கிறோம், காதலியின் பெயரைச் சுண்ணாம்பால் எழுதியிருக்கிறோம்; இறங்கி வரும்போது 'நீங்களும் ஒரு நடை நம்ம வீட்டுக்கு வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல நமக்குத் தோன்றவில்லை. கூப்பிடாத இடத்தில் போய் நிற்க எந்த மலைக்குத்தான் மனம் வரும்?

இந்தக் குறையை முதலில் தீர்த்துவைத்தவள் தும்பை. வயது பத்து. மதுரையின் வடக்கு ஓரத்தில் சௌபாக்யா என்கிளேவ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில், பி பிளாக் இரண்டாவது மாடியில் அவள் குடும்பம் வசித்தது. வசித்தது என்பதைவிட, துணி துவைக்க அங்கே வந்துபோனது என்பது பொருத்தம். தும்பை பள்ளிக்கூடம் போகிறவள் அல்ல. அவள் அம்மா சுகிர்தா முன்பு ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், மழை எப்படி உண்டாகிறது என்று கரும்பலகையில் படம் போட்டபடி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை 'அங்க என்ன வேடிக்கை, இங்க பாரு' என்று அதட்டியது தன் குரல்தான் என்று உணர்ந்து திடுக்கிட்டு, அந்த மாதமே வேலையை விட்டவள். தன் மகள் உலகத்தைத் தொட்டுத்தான் படிப்பாள் என்று அன்றைக்கே முடிவாயிற்று. அவள் கணவன் பரணீதரன் மடிக்கணினியில் வேலை பார்ப்பவன். அந்த வேலையைச் சமையலறையில் உட்கார்ந்து செய்தாலும் ஒன்றுதான், தேனிப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து செய்தாலும் ஒன்றுதான் என்பதால், ஒரு மஞ்சள் வேனை வாங்கி, உள்ளே மூன்று மெத்தையும் ஓர் அடுப்பும் வைத்துக் கிளம்பிவிட்டார்கள்.

ஆற்றைப் படிக்க வைகைக் கரையோரம் நடந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் அது மணலைப் பற்றிய பாடமாக மாற்றப்பட்டது. மக்களாட்சியைப் படிக்க ஒரு கிராமசபைக்குப் போனார்கள். போதிய ஆள் வராமல் கூட்டம் ஒத்திவைக்கப்பட, அந்தப் பாடம் ஒரே நாளில் முழுமையாக முடிந்தது. உப்பளத்தில் வேதியியல், ஆட்டுச் சந்தையில் கணக்கு, சமணர் படுகையில் வரலாறு. தும்பைக்குப் பறவைகளைக் குரலை வைத்தே சொல்லத் தெரியும், களிமண்ணில் அடுப்பு போடத் தெரியும், பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி மாட்டவும் தெரியும். நேற்றுப் பார்த்த பிள்ளையை இன்றைக்கும் பார்ப்பது என்ற ஒன்றில் மட்டும் அவளுக்குச் செய்முறைப் பயிற்சி கிடையாது.

அவள் கேட்காமலும் இல்லை.

"அம்மா, நான் ஸ்கூலுக்குப் போறேனே."

"அங்க என்னடி இருக்கு?"

"தெரியலை. அதான் நேர்ல போய்த் தொட்டுப் பார்க்கலாம்னு."

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. மகளின் வாய்த்துடுக்கு தன் கல்விமுறையின் வெற்றி என்றே எடுத்துக்கொண்டாள். "பார்க்கவேண்டிய இடமெல்லாம் பார்த்து முடிச்சிட்டு மெதுவாப் போலாம்" என்றாள். பூமி உருண்டையானது என்று ஏற்கெனவே படித்திருந்த தும்பை, அதில் முடிகிற இடம் என்று ஒன்று இல்லை என்பதைக் கவனித்துக்கொண்டாள்.

சுகிர்தா ஏற்படுத்திய வழக்கங்களில் ஒன்று, ஓர் இடத்தைப் பார்த்து முடித்ததும் குடும்பமே வரிசையாக நின்று, அந்த இடத்தில் கை வைத்து, நன்றி சொல்லி, பதிலுக்கு வீட்டுக்கு வரச்சொல்லி விடைபெறுவது. கழிப்பறைக்குப் போய்வருகிற மாதிரி இயற்கையிடம் போய்வரக் கூடாது என்பது அவள் கட்சி. ஆனால் அழைப்பு என்பது நம்மிடையே ஒரே சரக்கு அல்ல என்பதை இங்கே குறித்தாக வேண்டும். 'ஒருநாள் வாங்களேன்' என்றால் வரத் தேவையில்லை என்று பொருள். 'அவசியம் வரணும்' என்றால் வருவதற்கு முன் போன் செய்யவும் என்று பொருள். 'தங்குற மாதிரி வாங்க' என்று கண்ணைப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் மட்டுமே வரலாம். சுகிர்தா மகளுக்குக் கற்றுக்கொடுத்தது முதல் வகை. தும்பை அருவியிடமும் ஆலமரத்திடமும் கலங்கரை விளக்கத்திடமும் அதையே சொல்லிவந்தாள், அவையும் நாகரிகம் தெரிந்தவையாதலால் வரவில்லை.

இந்நிலையில் கோவில்பட்டியிலிருந்து பரணீதரனின் அண்ணன் வந்தார். வந்தவர் பத்து நாள் தங்கினார். விருந்தாளி இருக்கும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போக முடியாது என்று முதுமலைப் பயணம் தள்ளிவைக்கப்பட்டது. அந்தப் பத்து நாளும் தும்பை மாலையில் கீழே இறங்கி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளோடு விளையாடினாள். பத்தாம் நாள் அவர்களில் ஒரு பெண் இவளைப் பார்த்து "நீ நேத்து அழுகுணி ஆட்டம் ஆடினேல்ல?" என்று கேட்டாள். தன்னுடைய நேற்றை இன்னொருவர் ஞாபகம் வைத்திருந்தது தும்பைக்கு அதுவே முதல் தடவை. மறுநாள் பெரியப்பா ஊருக்குப் போனார், வேன் முதுமலைக்குப் போனது.

அடுத்த மாதம் அவர்கள் மேலூர் தாண்டி, கவிழ்த்துவைத்த சட்டி போலிருந்ததால் சட்டிக்குன்று என்று பெயர் பெற்ற ஒரு சிறு குன்றுக்குப் பாறைகளைப் படிக்கப் போனார்கள். மூன்று மாடி உயரம் இருக்கும். இறங்கியதும் வழக்கம்போல வரிசையாக நின்று விடைபெற்றார்கள். பெற்றோர் வேன் பக்கம் நடந்ததும், தும்பை மறுபடி ஓடிவந்து, இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துக்கொண்டு, "தங்குற மாதிரி வாங்க" என்றாள். முகவரியும் சொன்னாள். பி பிளாக் என்று இரண்டு தடவை சொன்னாள்.

குன்று ஒரு வியாழக்கிழமை காலை வந்து சேர்ந்தது. வழியில் சுங்கச்சாவடியில் அதை ஆம்புலன்ஸ் பாதையில் விட்டார்கள் என்றும், பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார்கள் என்றும் பின்னால் தெரியவந்தது. குடியிருப்பின் காவலாளி இருளாண்டி தன் கடமையில் தவறவில்லை. இன்டர்காமில் கூப்பிட்டார்.

"மேடம், உங்க பிளாட்டுக்கு ஒரு மலை வந்திருக்கு. உள்ள விடவா?"

"என்ன வந்திருக்கு?"

"மலை மேடம். மேல நாலஞ்சு ஆடு நிக்குது. பாப்பா பேரைச் சொல்லுது."

சுகிர்தா மகளைத் திரும்பிப் பார்த்தாள். தும்பை அதற்குள் தலை சீவிக்கொண்டிருந்தாள். "விடச் சொல்லும்மா. வாசல்ல நிக்கவைக்கக் கூடாது."

குன்று விருந்தினர் வாகனம் நிறுத்தும் இடத்தில், கோட்டைத் தாண்டாமல் உட்கார முயன்று, பாதி பூப்பந்து மைதானத்தையும் எடுத்துக்கொண்டது. சுகிர்தாவும் பரணீதரனும் கீழே இறங்கி, என்ன சொல்வதென்று தெரியாமல், "வாங்க, வாங்க, பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்றார்கள். தும்பை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அடிவாரத்தில் ஊற்றினாள்.

அன்று மாலையே குடியிருப்போர் சங்கம் கூடியது. செயலாளர் கோதண்டபாணி, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, விதிகளைத் தவிர வேறெதையும் மனப்பாடம் செய்யாதவர். குன்று வந்ததில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. "விசிட்டர் பார்க்கிங்ல ராத்திரி தங்கக் கூடாதுன்னு பைலா இருக்கு. அது மாருதியா மலையாங்கறது நமக்குப் பிரச்சனையில்லை" என்றார்.

"வண்டிக்குத்தானே சார் அந்த ரூல்?" என்றாள் முதல் மாடி மங்கையர்க்கரசி. "இது வண்டியில்லையே. உறவுக்காரங்க மாதிரி."

"யாருக்கு உறவு?"

"மேலூர்ப் பக்கம்னா எங்க வீட்டுக்காரருக்குத்தான் சொந்தம். நீங்க சும்மா இருங்க."

தங்கள் வீட்டுச் சூரியத்தகட்டில் நிழல் விழுகிறது என்றார் ஒருவர். அதே நிழலில் ஏசி மிச்சம் என்றார் அவருக்கு மேல் மாடிக்காரர். விருந்தாளி எத்தனை நாள் விருந்தாளியாக இருக்கலாம், எந்த நாளிலிருந்து வாடகைதாரர் ஆகிறார் என்பது இரண்டு மணி நேரம் விவாதிக்கப்பட்டு, உபகுழு ஒன்று அமைக்கப்பட்டு, அந்த உபகுழு இன்றுவரை கூடவில்லை. குன்றின் சொந்த ஊரிலிருந்து ஊராட்சித் தலைவர் போன் செய்தார். திருப்பி அனுப்பச் சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்க்க, "அது வெளியூர் போய்ப் பழக்கமில்லாததுங்க. கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஆடுகளின் சொந்தக்காரர் மட்டும் 'சின்ன யானை' என்கிற குட்டிச் சரக்கு வண்டியில் தினமும் மாலையில் வந்து, மேய்ந்த ஆடுகளைக் கூட்டிக்கொண்டு போய், காலையில் கொண்டுவந்து விட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் நாம் எதிர்பார்க்கக் கூடியதே. மேற்குப் பாறையில் ஒரு பொந்து இருந்தது. மூன்றாம் நாள் அதில் மஞ்சள் பூசியிருந்தது, ஐந்தாம் நாள் விளக்கு எரிந்தது, பௌர்ணமியன்று மங்கையர்க்கரசி தலைமையில் பி பிளாக்கைச் சுற்றி, ஜெனரேட்டர் அறை வழியாக, கிரிவலம் போனார்கள். வீட்டுத் தரகர்கள் விளம்பரத்தில் 'மலைக்காட்சி' என்று சேர்த்தார்கள். மிளகாயும் வடகமும் உலர்த்துகிறவர்கள் பாறையைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள், கோடு சாக்பீஸில் போடப்பட்டது. ஒரு மயில் வந்து கோதண்டபாணியின் காரைத் தன் எதிரி என்று முடிவுசெய்து கொத்தியது. அவர் மயிலுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை ஒட்டினார். ஒரு மாதத்தில், மலை இல்லாமல் எப்படி இத்தனை நாள் இருந்தோம் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் மலையை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சுகிர்தாவின் நிலைமைதான் வேறாக இருந்தது. உலகத்தைத் தேடிப் போய்ப் படிப்பதே கல்வி என்று சொல்லிவந்தவள் அவள். உலகத்தில் ஒரு பகுதி தானே தேடி வந்து கீழே உட்கார்ந்திருந்தது. வேனில் சாவியைப் போட்டால் போதும், மாடத்திலிருந்து யாராவது எட்டிப் பார்த்து, "என்னங்க, விருந்தாளியை விட்டுட்டுக் கிளம்பிட்டீங்க?" என்பார்கள். அவள் திரும்பி வருவாள்.

இதற்கிடையில் நான்கு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடம் செய்தியறிந்து, வாரம் ஒரு வகுப்பாகப் பிள்ளைகளை இயற்கை உலாவுக்கு அனுப்பியது. பேருந்து வரும், சீருடைப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து இறங்குவார்கள், சுகிர்தா அவர்களைக் குன்றின் மேல் கூட்டிக்கொண்டு போய்ப் பாறையைத் தொடச்சொல்லி, பாசியை முகரச்சொல்லி, அரணையைக் காட்டி, தொண்டை வற்றப் பாடம் நடத்துவாள். அவள் இத்தனை சந்தோஷமாக இருந்து பரணீதரன் பார்த்ததில்லை. தும்பை பாறையைப் பார்க்கவில்லை. அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்: ஒருத்தி ஒருத்தியின் ரிப்பனைச் சரிசெய்வதை, ஒருவன் ஒருவனுடைய தண்ணீர்ப் புட்டியைக் கேட்காமலே எடுத்துக் குடிப்பதை, டீச்சர் திரும்பியதும் வரிசை முழுவதும் ஒரே ரகசியத்துக்குச் சிரிப்பதை. ஒரு தடவை ஒரு பெண்ணோடு பேச்சுக் கொடுத்து, இருவரும் உச்சிப் பாறையில் உட்கார்ந்து ஒரு கொய்யாவைப் பாதியாக்கித் தின்றார்கள். அடுத்த வாரம் வாசலில் காத்திருந்தாள். வந்தது வேறு வகுப்பு.

ஏப்ரல் முடிவில் பிள்ளைகளோடு வந்த ஆசிரியை, போகும்போது சுகிர்தாவிடம், "உங்க பொண்ணு எங்க ஸ்கூலா மேடம்? எண்ணும்போது எப்பவும் ஒண்ணு கூட வருது" என்று கேட்டார். "ஆறாம் வகுப்பு அட்மிஷன் இந்தச் சனிக்கிழமையோட முடியுது, சும்மா சொல்லி வைக்கிறேன்." சுகிர்தா புன்னகைத்து, தாங்கள் வீட்டிலேயே படிக்கிறவர்கள் என்றாள். தும்பை அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகளின் முகத்தைப் பார்த்த சுகிர்தா அன்றிலிருந்து குன்றை அனுப்பும் முயற்சியில் இறங்கினாள். விருந்தாளியைப் போ என்று சொல்லாமல் போகவைக்க நம் வீடுகளில் உள்ள வழிகளையெல்லாம் செய்து பார்த்தாள். அதன் எதிரில் நின்று கொட்டாவி விட்டாள். "ஊர்ல எல்லாம் போட்டது போட்டபடி கிடக்குமே" என்றாள். "மழை பிடிக்கிறதுக்கு முன்ன கிளம்பினா நல்லது, அப்புறம் ரோடு மோசமாயிடும்" என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னாள். கோடிக்கணக்கான வருடங்கள் அவசரமில்லாமல் இருந்து பழகிய ஒன்றுக்கு இந்த ஜாடைகள் எட்டவில்லை. கடைசியில், விருந்தாளி போகவில்லையென்றால் வீட்டுக்காரர்கள் போவதும் ஒரு வழிதான் என்று முடிவெடுத்து, சனிக்கிழமை விடிந்ததும் ராஜஸ்தானுக்குக் கிளம்புவதாக அறிவித்தாள். பாலைவனப் பாடம், இரண்டு மாதம்.

"சனிக்கிழமையா?" என்று தும்பை கேட்டாள்.

"ஏன், அன்னைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை."

சனிக்கிழமை காலை மெத்தை, அடுப்பு, கூடாரம், தொலைநோக்கி எல்லாம் வேனில் ஏறியிருந்தன. சுகிர்தா கடைசிப் பையோடு இறங்கி வந்தபோது இருளாண்டி எதிரில் வந்தார்.

"மேடம், உங்க மலை கேட்டுக்கு வந்து நிக்குது. நீங்க ஊருக்குப் போறீங்கல்ல, வழியனுப்ப வந்திருக்கும்போல."

உண்மைதான். பழகியவர்கள் கிளம்பும்போது வாசல்வரை வருவதுதான் மரியாதை. குன்று வாசல்வரை வந்திருந்தது. கேட் முழுவதையும் அது அடைத்துக்கொண்டிருந்தது. பால்காரர் வெளியே நின்றார், அலுவலகம் போகிறவர்கள் உள்ளே நின்றார்கள். கோதண்டபாணி சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஓடிவந்தார்.

"என்ன மேடம் இது! எனக்கு எட்டு மணிக்குக் கண் ஆஸ்பத்திரி. நான் எப்படிப் போவேன்?"

"ஏறி அந்தப் பக்கம் இறங்குங்க சார்" என்றாள் மங்கையர்க்கரசி. "கண்ணுக்கும் பச்சை நல்லது."

"நீங்க கொஞ்சம் வாயை மூடுறீங்களாம்மா!"

பரணீதரன் வேனை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். சுகிர்தா மகளிடம் குனிந்து, "நீதானே கூப்பிட்ட. தள்ளிக்கச் சொல்லுடி" என்றாள்.

"அது நாம போறோம்னு வந்திருக்கும்மா. போகலைன்னு சொன்னா அதுவே திரும்பிப் போயிடும்."

"சரி, சொல்றேன்." சுகிர்தா நிமிர்ந்தாள். "நாங்க போகலைங்க. நீங்க உள்ள வாங்க."

குன்று அசையவில்லை.

"காது கேட்கலையோ என்னவோ, கொஞ்சம் சத்தமா" என்றார் கோதண்டபாணி.

"நாங்க போகலை!" என்று கத்தினாள். மேலே நின்ற ஆடு ஒன்று திரும்பிப் பார்த்தது.

"அதுக்கு நல்லாக் கேட்குதும்மா" என்றாள் தும்பை. "நீ சும்மா சொல்றேன்னு தெரியுது, அவ்வளவுதான்."

எல்லோரும் சுகிர்தாவைப் பார்த்தார்கள். அவள் பையைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தாள். கோபம் வந்தது, யார் மேல் என்று பார்க்கப் போனால் ஒரு பாறை மேல். அதைவிட, ஒரு பள்ளிக்கூடத்தை விட்டு அத்தனை தூரம் ஓடி, இத்தனை ஊரைச் சுற்றி, இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு நான்கே தெரு தள்ளி வந்து நிற்கிறோமே என்பதன் மேல்.

"உனக்கு அங்க என்னதான்டி வேணும்? நான் காட்டாததா அவங்க காட்டப் போறாங்க? ஒரு மணி அடிச்சா அடுத்த மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்தே இருக்கணும். ஜன்னலைப் பார்த்தாத் திட்டுவாங்க. நானே திட்டியிருக்கேன்."

"தெரியும்மா."

"அப்புறம்?"

தும்பை செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தாள். "அங்க பக்கத்துல யாராச்சும் உட்காருவாங்க. நாளைக்கும் அவங்களேதான் உட்காருவாங்க."

கோதண்டபாணிகூடக் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தார். சுகிர்தா எழுந்து, வேனின் பின்கதவைத் திறந்து, முதலில் அடுப்பை இறக்கினாள். கூடாரத்தை இறக்கினாள், தண்ணீர்க் கேன்களை இறக்கினாள், தொலைநோக்கியை மங்கையர்க்கரசியின் கையில் கொடுத்தாள். பரணீதரன் தாளத்தை நிறுத்திவிட்டு வந்து மெத்தையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது மெத்தை படியில் மாட்டிக்கொள்ள, அதைத் திருப்ப வேண்டும் சாய்க்க வேண்டும் என்று ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்ததில், குன்று எப்போது தன் பழைய இடத்துக்குப் போனதென்று யாரும் பார்க்கவில்லை. கேட் திறந்து கிடந்தது. பால்காரர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

பயணத்துக்கென்று போட்ட பெரிய காலணியைக்கூடக் கழற்றாமல், சுகிர்தா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு தெரு நடந்தாள்.

ஜூனில் தும்பை ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவில் சேர்ந்தாள். மூன்றாவது பெஞ்சில் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஷமீரா, எச்சில் தொட்டு எழுத்தை அழிப்பவள், கேட்காமல் பென்சிலை எடுப்பவள், பெரிதாகப் பேச்சும் இல்லாதவள்.

அக்டோபரில் பள்ளிக்கூடம் கொடைக்கானலுக்கு ஒருநாள் சுற்றுலா அறிவித்தது. வகுப்பில் இரண்டு பேர் பெயர் கொடுக்கவில்லை. அன்று காலை பேருந்துகள் போன பிறகு, அறைகளைப் பூட்டிக்கொண்டே வந்த ஆயா, ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவை மட்டும், மூன்றாவது பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பூட்டாமல் விட்டுவிட்டுப் போனார்.